பழசாக்கிய அறை

எங்கள் மாடியறைக்கு வயது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதைப் பத்து வருஷத்துக் கிழவனாக்க எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாரம்.

நகராட்சியின் சட்டம் அப்படி. பத்து வருஷத்துக்கு முன்னால் அனுமதியில்லாமல் கட்டியதென்றால் அபராதம் கட்டி, வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கட்டியதென்றால் இடித்தே தீர வேண்டும். அதனால் எங்கள் தெருக்காரர்கள் கட்டிய கையோடு அறையைப் பழசாக்கிவிடுவார்கள். 'பழசாக்குறது' என்றே அதற்குப் பெயர். டீத்தண்ணீர் அடித்துச் சுவரை மங்க வைப்பார்கள், துருப்பிடித்த ஜன்னல் கம்பியைப் பொருத்துவார்கள், எங்கிருந்தாவது ஓர் உளுத்த கதவைத் தேடிக்கொண்டு வந்து மாட்டுவார்கள். எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் இப்படிப் பழசான அறைகள் இரண்டு இருக்கின்றன. அந்தம்மா பள்ளிக்கூடத்தில் நேர்மையைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

அந்த அறையை என் தங்கைக்காகக் கட்டினோம். ஒருநாள் வீங்கிய கன்னத்தோடு, இடுப்பில் குழந்தையும் கையில் பெட்டியுமாக வாசலில் வந்து நின்றாள். அடித்தது அவள் புருஷன். கீழே எங்களுக்கு இருப்பது ஒரு படுக்கையறையும் ஒரு ஹாலும்தான். ஹாலை என் தையல் மிஷின்கள் அடைத்துக்கொண்டிருந்தன. முறையாக மனுப் போட்டுக் காத்திருந்தால் குழந்தை கல்லூரிக்கே போயிருக்கும். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் கொத்தனார். அவரைக் கூப்பிட்டோம், அவசர அவசரமாகக் கட்டினோம். எந்தப் புண்ணியவானோ நகராட்சியில் போட்டுக்கொடுத்துவிட்டான். ஒரு வாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார் என்று முத்திரை குத்திய நோட்டீஸ் வந்தது.

அறை போய்விட்டால் தங்கை மறுபடியும் அந்த ஆளிடம்தான் போக வேண்டும். அவனும் விடாமல் போன் செய்து, "எப்ப அனுப்பப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நானும் சும்மா இருக்கவில்லை. "மாடி போச்சுன்னா உங்க ரெண்டு பேரையும் நான் எங்க வெக்கிறது?" என்று அவள் காதுபடவே அலுத்துக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பழசாக்கும் வேலை மும்முரமாக நடந்தது. எவ்வளவு டீத்தண்ணீர் அடித்தும் என் வீட்டுக்காரருக்குத் திருப்தி இல்லை. அவர் பஸ் டிரைவர். ரோட்டில் லாரிக்குப் பயப்படாத மனிதர், அரசாங்க முத்திரையைப் பார்த்தால் நடுங்குவார்.

"இன்னும் புதுப்பொண்ணு மாதிரியே நிக்குதேடா. விரிசல் ஏதாவது போட்டு விடேன்" என்றார் தம்பியிடம்.

கொத்தனார் உளியை எடுத்தார். பூச்சு மட்டும் பிளக்கும்படி மயிரிழையாகக் கோடு கிழித்து, சாம்பலையும் டீத்தூளையும் குழைத்து உள்ளே தேய்த்தார். சுவருக்குச் சுவர் ஒரு கோடு. பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது, அவ்வளவு தத்ரூபம்.

இன்ஸ்பெக்டர் காலையிலேயே வந்துவிட்டார். ஒல்லியான ஆள், அதட்டல் இல்லை. படியேறும்போது, "பாத்து வாங்கம்மா" என்று என்னிடம் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டுகிறவனிடம் பதிலுக்கு ஏதாவது பேசலாம், இவரிடம் என்ன பேசுவது?

கதவைத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் கம்பியைச் சுரண்டிப் பார்த்தார். தங்கை குழந்தையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, இந்தக் கோடு..." என்று குழந்தை இன்ஸ்பெக்டரிடம் ஆரம்பித்தது. தங்கை அதன் வாயைப் பொத்தி மடியில் அழுத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து மெல்லிய இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்தார். விரிசலில் அதன் நுனியைச் செருகினார். கொஞ்சம் போய் நின்றது. அடுத்த விரிசல், அதிலும் நின்றது. கட்டிலுக்கு மேலே, மூலையில் இருந்த விரிசலில் செருகினார். ஸ்கேல் போனது, போய்க்கொண்டே இருந்தது. வெளியே இழுத்து மறுபடியும் செருகிப் பார்த்தார். பிறகு மொட்டைமாடிக்குப் போய்ச் சுவரின் வெளிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"கட்டிடம் பழசுதான், ஒத்துக்கிறேன்" என்றார் திரும்பி வந்து. என் வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. "ஆனா அனுமதி தர முடியாது. இது மனுஷங்க குடியிருக்க லாயக்கில்ல. இன்னிக்கே காலி பண்ணிடுங்க. நாங்களே ஆள் அனுப்பி இடிச்சிடுவோம்."

மலர்ந்த முகத்தில் ஈயாடவில்லை. "சார், அது வந்து, அந்த விரிசல் எல்லாம் நாங்களே..." என்று அவர் வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். நாங்களே கிழித்தது என்றால் அறை புதுசு என்று ஆகிவிடும், அதற்கும் இடிப்புதான், கூடவே கேஸும் போடுவார்கள். நல்ல பொறி, நாங்களே செய்து நாங்களே தலையை விட்டுக்கொண்டோம்.

இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது தங்கையைப் பார்த்து, "இந்தக் கட்டில்ல யாரும் படுக்க வேணாம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவர் தலை மறைந்ததும் கொத்தனார் சிரித்தார். "படிச்ச ஆளையே ஏமாத்திட்டேன் பாத்தீங்களா அண்ணி! எல்லாம் மேப்பூச்சுல போட்ட கோடு. சாந்து வெச்சுத் தேச்சா காணாமப் போயிடும். ரிப்பேர் பண்ணிட்டோம், மறுபடி வந்து பாருங்கன்னு எழுதிப் போடுங்க."

எனக்கும் மூச்சு வந்தது. சாந்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு அவர் மாடிக்குப் போக, பின்னாலேயே நாங்களும் போனோம். ஒவ்வொரு கோடாகத் தேய்த்து மறைத்துக்கொண்டே வந்தவர், கட்டிலுக்கு மேலிருந்த மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இது யாரு போட்டது?" என்று கேட்டார்.

ஆர்வக்கோளாறில் இவர்தான் ஏதாவது செய்திருப்பார் என்று நான் வீட்டுக்காரரை முறைத்தேன்.

"சத்தியமா நான் உளியையே தொடலடி" என்றார்.

கொத்தனார் கரண்டியின் நுனியை உள்ளே விட்டார். பிறகு முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய், "காத்து வருது" என்றார். அவர் குரலே மாறிவிட்டது. "அண்ணி, இது நான் போட்டதில்ல. சுவர் பிரிஞ்சு நிக்குது. அவசரத்துல கட்டினது, பாரம் தாங்கல. எப்ப வேணா வந்துடும்."

சுவருக்குக் கீழே கட்டில். கட்டிலில் தங்கை, அவள் மடியில் குழந்தை. இதுவரை நான் பயந்ததெல்லாம் ஒரு ஸ்கேலுக்கும் ஒரு முத்திரைக்கும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"எழுந்திருடி! மேல என்ன இருக்குன்னு தெரியாம உக்காந்திருக்கே!" என்று கத்தினேன்.

தங்கை எழுந்திருக்கவில்லை.

"தெரியும்க்கா" என்றாள். "மழை பேஞ்சப்பவே வந்துடுச்சு. முதல்ல நூல் மாதிரி இருந்துச்சு. கொத்தனார் அண்ணன் கோடு போட்டப்போ இதுவும் அதோட சேந்துடுச்சு, யாரும் கவனிக்கல."

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?"

"பாப்பாவை அந்தப் பக்கம் படுக்க வெக்கிறதில்லக்கா. சுவரோரம் நான்தான் படுக்கிறேன்."

ஓங்கி அறைய வேண்டும் என்று கை எழுந்தது. அவளோ அதைக் கவனிக்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரிசலுக்குக் கீழே இத்தனை நாள் பயமில்லாமல் படுத்தவள் இப்போது பயந்துபோயிருந்தாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியைக் காலால் மெல்ல வெளியே தள்ளினாள்.

"துணியெல்லாம் எடுத்து வெச்சிடவாக்கா?" என்று கேட்டாள்.

அதற்குள் என் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.

"அந்தப் பெரிய மிஷினை ஜன்னல் பக்கம் தள்ளிப் போடு" என்றார் என்னிடம். "ஹால்ல தாராளமா ரெண்டு பேர் படுக்கலாம்."