புழுவைக் காணோம்

எங்கள் தீவில் டெங்கு பரவ ஆரம்பித்ததிலிருந்து என் வீட்டில் எனக்கு இரண்டாவது இடம். முதல் மரியாதை அடுப்படி ஜன்னலில் இருந்த கண்ணாடி பாட்டிலுக்கு. அதில் பாதித் தண்ணீர், தண்ணீரில் நெளிகிற கொசுப்புழு. என் மனைவி சுகாதார அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைத் தேடிப் பிடித்துக் கொட்ட வைப்பது அவள் வேலை. வெறும் வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அதனால் பாட்டிலைத் தூக்கி அவர்கள் மூக்குக்கு நேராக ஆட்டுவாள்.

"நல்லா பாத்துக்குங்க. இன்னிக்கு நெளியும். ஒரு வாரம் விட்டா ரெக்கை மொளச்சுப் பறக்கும். பறந்து வந்து உங்க பிள்ளையத்தான் கடிக்கும்!"

இந்தப் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தெருவில் அவளுக்குப் பெயரே புழு அக்கா. புழு அகப்பட்ட வீட்டுக் கதவில் சிவப்பு பெயிண்டால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் நகர்வாள். அதற்குப் பயந்து போலீஸ்காரரே தன் வீட்டுப் பூந்தொட்டிகளைக் கவிழ்த்து வைத்தார்.

நான் தையல்காரன். முன்னறையில் மிஷின் போட்டுக்கொண்டு என் வேலை உண்டு, நான் உண்டு என்று இருப்பவன். எனக்கிருந்த ஒரே கவலை மகள். அக்கரையில் இருந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. பிரசவத்துக்கு அம்மாவிடம்தான் வருவேன் என்று பெட்டியைக்கூடக் கட்டிவிட்டாள். அம்மாக்காரிதான் போனில் தடுத்துக்கொண்டே இருந்தாள்.

"தெருவுல காய்ச்சல் அடங்கட்டும்டி. இந்த நேரத்துல உனக்கு டெங்கு வந்தா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

தீவு முழுக்க அடங்கிவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் அடங்குவேனா என்றது. அதிலும் எங்கள் வீட்டைச் சுற்றித்தான். எதிர்வீட்டு பேக்கரிக்காரர் படுத்தார். அவர் எழுந்ததும் அவர் மாமியார் படுத்தார். பிறகு பக்கத்து வீட்டு டீச்சரம்மா. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மகளின் பயணம் தள்ளிப் போயிற்று. இன்னும் தள்ளினால் நிறைமாதம் என்று கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். அவள் போனில் அழுதாள், நான் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன்.

மனைவி ஆவேசமாகத் தேடினாள். கூரைத் தகரத்தில் ஏறிப் பார்த்தாள். பேக்கரிக்காரரின் ஃப்ரிட்ஜை இழுத்து அதன் பின்தட்டில் டார்ச் அடித்தாள். டீச்சரம்மா வீட்டு நாயின் கிண்ணத்தை மோந்தே பார்த்தாள். ஒரு புழுகூடக் கிடைக்கவில்லை.

இது போதாதென்று வீட்டுக்குள் தனிச் சண்டை. பாட்டிலில் இருந்த புழுக்கள் குறைந்துகொண்டே வந்தன.

"ஏங்க, பாட்டில்ல கை வச்சீங்களா?"

"அந்தக் கண்றாவிய நான் எதுக்குத் தொடறேன்?"

"அப்ப எங்க போச்சு? கால் மொளச்சு நடந்து போச்சா?"

புழு தீர்ந்தால் வேறெங்கிருந்தோ பிடித்து வந்து போடுவாள். மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடுமாம், அதனால் வீட்டில் இருக்கும்போது பாட்டில் திறந்தே இருக்கும். சாப்பிட பிஸ்கட் தூள் வேறு. எனக்கு டீயோடு பிஸ்கட் கேட்டால் சர்க்கரை ஏறிவிடும் என்பாள்.

டீச்சரம்மா படுத்த அன்று பாட்டிலில் ஒன்றுகூட இல்லை. மனைவி சோற்றுத் தட்டை என் முன்னால் 'ணங்'கென்று வைத்தாள்.

"நீங்கதான் கொட்டியிருக்கீங்க. பாடம் நடத்தப் புழு இல்லாம நான் எப்படிக் காய்ச்சல நிறுத்தறது? மக வந்தா என்ன, வராட்டி என்னன்னு இருக்கீங்க!"

எனக்கு வந்ததே கோபம். எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், இதைச் சொல்லலாமா? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, பாட்டிலை எடுத்து அவள் மூக்குக்கு நேராக ஆட்டினேன்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறியே, எனக்கும் எடு! இதுல இருந்த புழு எங்கதான் போகும்? சொல்லு, கேப்போம்!"

"ஏன் சொல்ல மாட்டேன்? இன்னிக்கு நெளியும். ஒரு வாரம் விட்டா ரெக்கை மொளச்சு..."

அப்படியே நின்றுவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கும் உறைக்கவில்லை. ஆத்திரத்தில் கேட்டேன், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு என் காதோரம் ரீங்காரமிட்டுக்கொண்டு போயிற்று.

அவள் தரையில் உட்கார்ந்தாள். "ஐயோ, என் பிள்ளைய நானே வர விடாம பண்ணிட்டேனே!"

திட்ட எத்தனையோ வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். முட்டை ஏதும் மிச்சமிருந்தால் சாகட்டும் என்று, அடுப்பில் கொதித்த தண்ணீரை எடுத்துப் பாட்டிலில் ஊற்றினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெயிண்ட் டப்பாவை எடுத்தாள். எங்கள் கதவில், மற்ற வீடுகளுக்குப் போட்டதைவிடப் பெரிய வட்டமாகப் போட்டாள். பிறகு வீடு வீடாகப் போய் நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னாள். காய்ச்சல் படுக்கையில் இருந்த டீச்சரம்மாவே எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

"அடிப்பாவி, என் நாய் கிண்ணத்த மோந்து பாத்தியேடி!"

மறுநாள் புகையடிக்க ஆள் வந்தது. பின்னாலேயே தெருவும் வந்தது, எங்கள் வீட்டைச் சோதனை போட. எவ்வளவு நாள் ஆசையோ! பேக்கரிக்காரரின் மாமியார் எங்கள் ஃப்ரிட்ஜை இழுக்கச் சொன்னார். நான் இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற குவளையைக் கவிழ்த்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் திறந்து காட்டினாள்.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் படுக்கவில்லை. கப்பல்காரர்கள் வயிற்றைப் பார்த்துத் தயங்கி, கடைசியில் ஏற்றிக்கொண்டார்கள். மகள் வீட்டுக்குள் நுழைந்து, பெட்டியை வைத்து, அடுப்படி ஜன்னலைப் பார்த்து அலறினாள். "அம்மா! இன்னுமா இந்த பாட்டில வச்சிருக்க?"

மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள். பாட்டிலுக்குள் கறுப்பு நூலால் செய்த புழுக்கள், மேலே இறுக்கி மூடிய மூடி.

"உங்கப்பா தச்சதுடி. பறக்காது."