அய்யாவின் பாஸ்வேர்டு

கொழுந்தன் தன் கையாலேயே டைப் அடித்த மெமோவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் பாக்கியம் எத்தனை அண்ணிகளுக்குக் கிடைக்கும்? வட்டம்மாவுக்குக் கிடைத்தது.

வட்டம்மா என்பது ஆபீஸ் வைத்த பெயர். அந்தப் பெரிய நலத்துறையில் அறிக்கைப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. எல்லா மண்டலங்களிலும் தீர்த்துவைத்த மனுக்களைத் திரட்டி, வட்டமும் கட்டமும் வரைபடமுமாகக் கம்ப்யூட்டர் திரையில் காட்டும் டேஷ்போர்டை உருவாக்கியவள் அவள். கொழுந்தன் அதே கட்டடத்தில் இயக்குநருக்கு பி.ஏ. இயக்குநர் என்று யாரும் சொல்வதில்லை, அய்யா என்றால் அவர் ஒருவர்தான்.

வீட்டில் கொழுந்தன் கீழ்த்தளம், இவள் மாடி. பாகம் பிரித்தபோது தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவன் பக்கத்துச் சுவரில் மாட்டிக்கொண்டது. அன்று பிடித்த சனி. அவனுக்கு மனசிருந்தால் மாடியில் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் ‘அண்ணி’, ஆபீஸில் ‘மேடம்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் இரண்டையும் விட்டு வெகுநாளாகிவிட்டது. புருஷனிடம் முறையிட்டால், “ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதானே” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். அந்த மனுஷனை நம்பி ஒரு பக்கெட் தண்ணீர்கூடப் பிடிக்க முடியாது.

மெமோவில் இருந்தது இதுதான். டேஷ்போர்டு காட்டும் மொத்தத் தீர்வுகள் மண்டலங்கள் அனுப்பும் கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அறிக்கைப் பிரிவு பொய்க் கணக்குக் காட்டித் துறைத் தலைவரைத் தவறாக வழிநடத்தியிருக்கிறது. விசாரணை நடக்கும். குற்றம் உறுதியானால் சஸ்பெண்ட்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவள் திரையில் எண் சரியாகவே இருந்தது. தப்பாக இருந்தது அய்யாவின் பிரதியில் மட்டும். அய்யாவுக்குத் திரை ஆகாது. திங்கட்கிழமைதோறும் டேஷ்போர்டைக் கலரில் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, மேஜையில் வைக்க வேண்டும். அந்தத் திருப்பணி பி.ஏ.வுடையது. அந்தக் காகிதத்தை ஆட்டி ஆட்டித்தான் அய்யா ஒவ்வொரு மண்டல அதிகாரியையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். தெற்கு மண்டலத்துக்காரரைத் தூக்கி எங்கோ போட்டார். அய்யாவின் லாகின் கணக்கில் நுழைந்தால் திரையில் என்ன தெரிகிறது என்று ஒரு தடவை பார்க்கவிடும்படி வட்டம்மா பலமுறை கேட்டாள். அய்யாவின் கம்ப்யூட்டரைக் கண்டவர்கள் தொட முடியாது என்று கொழுந்தன் கதவிலேயே தடுத்து அனுப்பினான்.

கடைசியில் மெமோவே அவளைக் காப்பாற்றியது. சாட்சியமாக அந்த பிரிண்டின் ஒரு பக்கத்தை இணைத்திருந்தார்கள். எண்ணைப் பார்த்ததுமே அவளுக்கு எங்கோ பார்த்த முகம் போலிருந்தது. தன் திரையில் மண்டலம் மண்டலமாகத் தட்டிப் பார்த்தாள். வடக்கு மண்டலம். ஆள் நடமாட்டமே குறைந்த அந்த வடக்கு மண்டலத்தின் கணக்கு அச்சு அசலாக அங்கே உட்கார்ந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த சாப்ட்வேருக்கு ஒரு குணம் உண்டு. யார் கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தார்களோ அதை அவர்கள் கணக்கில் ஞாபகம் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை திறந்தாலும் அதையே காட்டும். டேஷ்போர்டின் தொடக்க விழாவில் அய்யா கேமராக்களைப் பார்த்துச் சிரித்தபடி, தன் கணக்கில் திறந்திருந்த வரைபடத்தின் வடக்கு மண்டலத்தைத் தொட்டு வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் படம் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு இன்றும் தொங்குகிறது, அய்யாவின் விரல் வடக்கின் மேலேயே இருக்கிறது. அந்தத் தேர்வை அதற்கப்புறம் யாரும் எடுத்துவிடவில்லை. அய்யாவுக்கு எடுக்கத் தெரியாது. கொழுந்தனுக்கு பிரிண்ட் பட்டனைத் தவிர எதுவும் தெரியாது. ஒரு மண்டலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு நாடு முழுவதையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதை விசாரணையில் சொன்னால் அவள் தப்பிப்பாள். ஆனால் பிரிண்ட் எடுக்க அய்யாவின் கணக்குக்குள் யார் போனது என்ற கேள்வி அடுத்து வரும். இன்னொருவர் பாஸ்வேர்டில் நுழைவது அந்தத் துறையில் வேலையைக் காவு வாங்குகிற குற்றம். மாட்டுவது கொழுந்தன். எவ்வளவு ஆனாலும் வீட்டு ஆள். முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அய்யாவை விட்டே கணக்கைத் திறக்கச் சொல்லிச் சரிசெய்துகொள்ளட்டும், நம் தலையும் தப்பும், அவன் தலையும் தப்பும் என்று விசாரணை நாள் காலையில் மனசு இளகியது. குளித்துவிட்டுக் கீழே போய்ப் பேசுவது என்று முடிவு செய்தாள். தலையில் ஷாம்பு நுரை பொங்கும்போது குழாய் விக்கியது, இருமியது, நின்றுபோனது. டேங்க் காலி. துண்டைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் நின்று மோட்டார் போடச் சொல்லிக் கத்தினாள். கீழே கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நுரையைக் கழுவிக்கொண்டாள். இளகிய மனசும் அதோடு சாக்கடையில் போயிற்று.

விசாரணைக்கு அமைச்சகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். அதிகம் பேசாதவர். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். வட்டம்மா தன் தரப்பாக ஒன்றே ஒன்று கேட்டாள். அய்யா தன் டேஷ்போர்டைக் கூட்ட அறையின் பெரிய திரையில் இங்கேயே திறந்து காட்டட்டும்.

அய்யா பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு பி.ஏ.வைப் பார்த்தார். விசாரணை அதிகாரி நிமிர்ந்தார்.

“நீங்களே திறங்க சார்.”

அய்யா கீபோர்டை வெறித்தார். சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். எஜமானர் திணறுவதைப் பொறுக்க மாட்டாமல் கொழுந்தன் பாய்ந்து வந்து குனிந்தான். கீபோர்டைப் பார்க்காமலேயே அய்யாவின் பாஸ்வேர்டைத் தடதடவென்று அடித்தான். அடித்து முடித்த பிறகே தான் செய்தது அவனுக்கு உறைத்தது. விசாரணை அதிகாரியின் பேனா அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தது.

திரையில் வரைபடம் விரிந்தது. வடக்கு மண்டலம் மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தில். வட்டம்மா எழுந்து போய் அந்தத் தேர்வை எடுத்துவிட்டாள். நாடு முழுதும் பச்சை பூசிக்கொண்டது. மொத்த எண் பத்து மடங்குக்கு மேல் எகிறியது.

அய்யா சுதாரித்துக்கொண்டார். அதில் அவர் கெட்டிக்காரர்.

“என் கணக்குல கைவைக்க உன்னை யாருய்யா சொன்னது?”

கொழுந்தனின் வாய் கோணியது. “அய்யாதான்…”

“எழுத்துல இருக்கா?” என்றார் விசாரணை அதிகாரி.

இல்லை. எப்படி இருக்கும்? அய்யா தலைக்கு மேலே சுற்றும் ஃபேனை ரசிக்க ஆரம்பித்தார். வரவேற்பறைப் படத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை. வட்டம்மாவுக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

மெமோ ரத்தானது. சாயங்காலத்துக்குள் கொழுந்தன் சஸ்பெண்ட் ஆனான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பானேன், உச்சி குளிர்ந்தது. ஆபீஸிலிருந்து ஆட்டோவில் வரும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

வாசலில் கொழுந்தன் நின்றிருந்தான். டை கழற்றப்பட்டுப் பாதி பையில் தொங்கியது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாடி டேங்க் நிரம்பி வழிந்து சுவரோரம் கொட்டியது.

“அய்யா சொல்லித்தான் செஞ்சேன்னு உனக்குத் தெரியாது?” என்றான். முதல்முறையாக அவளை நீ என்றான்.

“தெரியும்.”

“அந்த போட்டோ அங்கதானே தொங்குது. நீ பாக்கல?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?”

“எனக்கு மெமோ அடிச்சியே, அதுல இருக்கிறது பொய்னு உனக்குத் தெரியாது?”

“அவர் சொன்னாரு, அடிச்சேன்,” என்றான். குரல் உடைந்திருந்தது. “பதினோரு வருஷமா அவர் சொன்னதைத்தான் செய்யறேன். என்கிட்டயே யாருய்யா சொன்னதுன்னு கேட்டாரே.”

திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தாள், அதற்குப் பதிலும் வைத்திருந்தாள். அவன் அழுவான் என்று நினைக்கவில்லை. அவன்மேல் இருந்த வெறுப்பு துளியும் குறையவில்லை, அது மட்டும் நிச்சயம். ஆனால் ஆட்டோவில் வந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவனைத் தாண்டி உள்ளே போய் மோட்டார் சுவிட்சைத் தானே அணைத்துவிட்டுப் படியேறினாள்.

அடுத்த திங்கட்கிழமை அய்யா கூப்பிட்டனுப்பினார். இவ்வளவு இனிப்பான குரலில் அவர் பேசி அவள் கேட்டதேயில்லை. நடந்ததையெல்லாம் மறந்துவிடச் சொன்னார். இந்தத் துறையில் மூளை இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் என்றார். எண் பத்து மடங்கு ஏறியதை அமைச்சகத்தில் பாராட்டினார்களாம். தான் விசாரணை வைத்ததால்தானே ஏறியது என்று கூச்சமே இல்லாமல் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு துண்டுச் சீட்டை மேஜைமேல் அவள் பக்கம் நகர்த்தினார். புது பாஸ்வேர்டு.

“இனிமே நீயே பிரிண்ட் எடுத்துக் குடுத்துடும்மா. வெளியாளை நம்ப முடியல.”

வட்டம்மா சீட்டைத் தொடவில்லை.

“எழுத்துல ஒரு உத்தரவா குடுத்துடுங்க சார்.”

அய்யாவின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“உன் கொழுந்தன் என்கிட்ட ஒரு நாள்கூட எழுத்துல கேட்டதில்ல.”

“தெரியும் சார்.”

அய்யா சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். அடுத்த மெமோவை யார் டைப் அடிக்கப்போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.