பலகையில் எல்லாம் இருந்தது

பல் டாக்டருக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஷெட்டுக்குள் வந்த அரை மணி நேரத்தில் கருவிப் பலகையை நாலு தடவை எண்ணிவிட்டான். நாற்பத்தொரு கொக்கி, நாற்பத்தொரு கருவி. ஒவ்வொன்றின் உருவமும் பலகையில் வெள்ளைக் கோட்டில் வரைந்திருக்கும், பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் பாய்லரை மூடக் கூடாது. அது அக்காவின் சட்டம். ஐந்தாவது தடவை தொட்டுத் தொட்டு எண்ணினான். பதினான்காம் நம்பர் ஸ்பேனரைத் தொட்டபோது விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. பேன்ட்டில் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனான்.

பலகையில் ஒரு குறையும் இல்லை. அவன் தொலைத்ததுதான் பலகையிலேயே இல்லாத சாமானாயிற்றே, எத்தனை தடவை எண்ணி என்ன!

அக்கா தினமும் மின்சார ரயில் ஓட்டுகிறவள். டூட்டி முடிந்த நேரத்திலும் லீவு நாளிலும் இந்தக் கிழட்டு நீராவி இன்ஜினுக்கு எஜமானி. சம்பளம் கிடையாது, டீகூட அவரவர் கொண்டுவர வேண்டும். அப்படியும் ஒன்பது பேர் ஆறு வருடமாக அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஊருக்கே பல் பிடுங்குகிற தம்பிக்கு இங்கே கிடைத்ததோ துடைக்கிற வேலை. "உன் கையில எதைக் குடுத்தாலும் பாதிதான் திரும்பி வரும்" என்பாள் அக்கா. ஆறு வயதில் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்தவன், நாற்பத்தைந்து வயதிலும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்பேர்ப்பட்டவள் போன புதன்கிழமை வால்வைப் பரிசோதிக்கும் வேலையை அவனிடம் கொடுத்தாள். பாய்லரின் முதுகில் கவிழ்த்த பானை மாதிரி ஒரு கும்பா உண்டு. அதற்குள்தான் அந்த வால்வு. டிரைவர் திறந்தால் நீராவி பாய்ந்து வண்டி ஓடும், மூடினால் நிற்கும். மூடாவிட்டால் நிற்காது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கிளினிக்கிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். 'வெளிச் சாமான் உள்ளே வரக் கூடாது' என்று பலகையின் தலையிலேயே அக்கா எழுதிவைத்திருந்ததை அன்றைக்குப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

வியாழக்கிழமை அக்கா உள்ளே நட்டுகளை இறுக்கினாள். வெள்ளிக்கிழமை கும்பாவை மூடினார்கள். சனிக்கிழமை கிளினிக்கில் கண்ணாடியைத் தேடினால், காணோம். பையில் இல்லை, மேஜையில் இல்லை. நர்ஸ் ஊருக்குப் போயிருந்தாள், போனை எடுக்கவில்லை. கும்பாவுக்குள் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவியிருக்குமோ?

இன்றைக்குப் பதினொரு மணிக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் சரியென்றால் அடுத்த ஞாயிறு முதல் ஓட்டம், ஓட்டப்போவது அக்கா. வால்வு இடுக்கில் கண்ணாடி போய்ச் சிக்கினால்? அதற்கு மேல் அவனால் நினைக்க முடியவில்லை. சொன்னால் கும்பாவைக் கழற்ற வேண்டும், இன்ஸ்பெக்டர் போனால் நாலு மாதம் கழித்துத்தான் வருவார், அக்கா ஜென்மத்துக்கும் தன்னை நம்பமாட்டாள். கழிவறைக்குப் போனான், வந்தான், மறுபடியும் போனான்.

அக்காவும் காலையிலிருந்து, ஒன்பது பேரில் ஒருவனான வெல்டர்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். விறகு அடுக்கியாகிவிட்டது. தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

"இப்பதானா? என்னடா?"

"என் கண்ணாடி உள்ள விழுந்திருக்கும்னு நினைக்கிறேன்."

"மூக்கு மேலதானே இருக்கு?"

"இது இல்லக்கா. பல்லு பார்க்கிற கண்ணாடி. வால்வைப் பார்க்கக் கொண்டுவந்தேன்."

காது கிழியப் போகிறது என்று குனிந்து நின்றான். நிமிர்ந்து பார்த்தால் அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"கழட்டுங்க" என்றாள்.

"இன்ஸ்பெக்டர் வர்ற நேரத்துலயா?" என்று வெல்டர் அலறினான்.

"கழட்டுன்னு சொன்னேன்ல!"

இருபத்துநாலு நட்டு. மூடியைத் தூக்கியதும் டாக்டர் கவிழ்ந்து படுத்துக் கையை உள்ளே விட்டான். கண்ணுக்கு எட்டாத இடத்தில் விரலால் தேடுவதுதான் அவன் பிழைப்பே. வால்வுக்குப் பின்னால், அதை அசைக்கும் கம்பியின் இடுக்கில், ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடிக்கு இவ்வளவு கனம் ஏது? இழுத்தான். சிவப்புப் பிடி போட்ட ஸ்பேனர், நம்பர் பதினான்கு.

எல்லோரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினான்காம் நம்பர் அங்கே ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் தன் பேன்ட்டிலிருந்த சிவப்புத் தீற்றலைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நர்ஸ். "கண்ணாடியா டாக்டர்? புதன்கிழமை சாயங்காலம் நீங்கதானே கழுவக் குடுத்தீங்க? டிரேயில இருக்கு பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா கீழே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"வியாழக்கிழமை கொக்கி காலியா இருந்துச்சு. இன்ஜினுக்குக் கீழ குழியில விழுந்திருக்கும்னு தேடினேன், கிடைக்கல. சட்டம் போட்டவளே தொலைச்சேன்னு எப்படிடா சொல்றது? புதுசு வாங்கி மாட்டிட்டேன். பெயின்ட் நேத்து ராத்திரிதான் அடிச்சேன்."

"நீதானேக்கா ஓட்டப்போற?"

"அதான். போனா என் உயிர்தானேன்னு..."

"பின்னாடி பெட்டியில நாங்கல்லாம் உட்கார மாட்டோமா?"

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து, "என்னம்மா, ரெடியா?" என்றார்.

"இல்ல சார்" என்றாள் அக்கா. "பாய்லருக்குள்ள ஒரு ஸ்பேனரை விட்டுட்டேன். நான்தான்."

அவர் எழுதிக்கொண்டு போன பிறகு, பலகையிலிருந்த புது ஸ்பேனரைக் கழற்றினாள். பெயின்ட் கையெல்லாம் ஒட்டியது. பழையதற்காகத் தம்பியிடம் கை நீட்டினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"உன் கையில குடுத்தது இன்னைக்குத்தான்டா ஒண்ணு கூடுதலாவே திரும்பி வந்திருக்கு" என்றாள். "இனிமே பலகையை நீ எண்ணு."