தலைவர் பெயரில் ஒரு போத்தல்

ரஜீவுக்கு மைக் கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். மாரியம்மன் திருவிழாவா, சங்கக் கூட்டமா, யாருடைய மாடாவது காணாமல் போனதா, எதுவானாலும் அறிவிப்பது அவன்தான். முப்பத்தெட்டு வயதிலேயே தோட்டத் தலைவர் ஆகிவிட்டவன். தலைவர் என்றால் தொழிற்சங்கத்துக்குத்தான். ஆனால் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் சாவு வீட்டுக்கு நாற்காலி தேடுவதும் அவன் தலையில்தான் விடியும். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. வேலை, தேயிலை அரைக்கிற ஸ்டோரில். வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். தலைவர் பதவிக்கு அது வேணும் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

ஆகவே, குடல் புற்றுநோய்ச் சோதனைக்கு பதுளையிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்றதும் முதல் போன் அவனுக்குத்தான் வந்தது. பேசியது நோர்ஸ் மேனுஷா. தோட்டத்தில் எல்லாரும் அவளை மிஸ்ஸி என்பார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஆளுக்கொரு சின்னப் போத்தல். மூடியிலேயே குச்சி இருக்கும், அதால் தொட்டு உள்ளே வைத்து மூடிக் கொடுத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். மேனுஷா சுற்றிவளைக்காமல் பேசினாள்.

"முன்னெல்லாம் இது அறுபது வயசுக்காரங்க வியாதின்னு நெனச்சோம். இப்ப முப்பது, நாப்பது வயசுலயே வாறாங்க. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியல. தெரிஞ்சதச் சொல்றேன். சாராயம், சிகரட் விடணும். சொசேஜஸ் மாதிரி டப்பா இறைச்சியக் குறைக்கணும். கீரை, பருப்பு, குரக்கன் நல்லா சாப்பிடணும். ஒரே இடத்துல உக்காராம நடக்கணும்."

"நாங்க நடக்காத நடையா மிஸ்ஸி, மலையில ஏறி இறங்கிறதுக்கு என்ன பேரு?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மேனுஷாவும் சிரித்தாள்.

"அப்ப அத உங்க வீட்டு ஆம்பளைங்களுக்குச் சொல்லுங்க. இன்னொண்ணு, ரத்தம் போனா மூலம்னு நீங்களே முடிவு கட்டாதீங்க. காரணமில்லாம எடை குறைஞ்சா, போற பழக்கம் மாறினா, சோகை பிடிச்ச மாதிரி அசதியா இருந்தா, வயசு பார்க்காம வந்து காட்டுங்க."

அப்புறம் மைக் ரஜீவ் கைக்கு வந்தது. பிறகு கேட்கணுமா. வெட்கப்பட்டால் வியாதி போகுமா என்றான். பெற்ற பிள்ளையின் மலத்தை அள்ளுகிறோம், நம்முடையதைத் தொடுவதில் என்ன அசிங்கம் என்றான். கடைசியில், "தலைவர் போத்தல்தான் முதல் போத்தல், புதன்கிழமை காலையில எட்டு மணிக்கு" என்று முடித்தான். நாற்பத்து மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். வரிசை வீடுகளான அந்த லயங்களில் அது சின்னக் காரியமில்லை. பேச்சு உண்மையிலேயே நல்ல பேச்சு.

ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு புதன்கிழமை விடிந்தபோது வயிறு ஒத்துழைக்கவில்லை. முதல் நாள் ஒரு சடங்கு வீட்டில் கோழியும் சாராயமும் மூக்குமுட்டத் தின்று குடித்திருந்தான். காலையில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி குடித்தான், லயத்தைச் சுற்றி நடந்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அந்தக் குச்சியைப் பார்க்கவே அவனுக்குக் குமட்டியது என்பதுதான் நிஜம். மைக்கில் பேசுவதற்கும் குச்சியைப் பிடிப்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. மணி ஏழரை.

அவனுடைய மனைவி துஷாந்தினிக்கு முப்பத்து மூன்று வயது. கொழுந்து பறிக்கிறவள். வயது வராததால் அவளுக்குப் போத்தல் கிடையாது. மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளிடம் அவன் போத்தலை நீட்டினான்.

"துஷா, இதுல நீ கொஞ்சம் வச்சுக் குடேன். யாரோடதா இருந்தா என்ன, எனக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்கே தெரியும்."

அவள் அவனைப் பார்த்தாள். போத்தலைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு லயத்துக் கோடியிலிருக்கிற கக்கூசுக்குப் போனாள். சொன்னபடி எட்டு மணிக்குத் தலைவர் போத்தல்தான் முதல் போத்தலாக மேசையில் இருந்தது. நாலு பேர் கைதட்டினார்கள்.

பத்து நாள் கழித்து மேனுஷாவின் போன் வந்தபோது ரஜீவ் ஸ்டோர் வாசலில் ஏழெட்டுப் பேரோடு நின்றிருந்தான். தலைவருக்கு வருகிற போனை நாலு பேர் கேட்டால்தான் மரியாதை என்று ஒரு நினைப்பு, எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவான்.

"தனியாப் பேசலாமா தலைவர்?" என்றாள் அவள்.

"பரவாயில்ல மிஸ்ஸி, இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான். சொல்லுங்க."

அவள் இரண்டு தரம் கேட்டாள், அவன் இரண்டு தரமும் அதையே சொன்னான். வேறு வழியில்லாமல் சொன்னாள். நாற்பத்து மூன்றில் ஒரே ஒரு போத்தலில்தான் ரத்தம். அது அவனுடையது. பயப்பட வேண்டாம், ரத்தம் என்றாலே புற்றுநோய் இல்லை. ஆனால் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கட்டாயம் வர வேண்டும், நாள் எடுத்துத் தருகிறேன்.

நின்றவர்கள் முகம் செத்துப்போனது. ரஜீவுக்கு முதலில் வந்தது என்னவோ நிம்மதிதான். அப்பாடா, என்னுது இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு அந்த நிம்மதி முழுசாக இருந்தது. பிறகுதான் அது யாருடையது என்பது உறைத்தது. அந்த ஒரு மூச்சுக்காக அவன் பின்னால் வெட்கப்பட்டான், ஆனால் அன்றைக்கு இல்லை.

வீட்டுக்குப் போனபோது துஷாந்தினி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். சேதி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"அன்னைக்கு நீ தூரமா இருந்தியா?" என்று கேட்டான். மாதவிலக்கு ரத்தம் கலந்திருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

"இல்ல."

"பெருசா ஒண்ணும் இருக்காது. மெசினுக்கு என்ன தெரியும்."

அவள் மாவை உருட்டி வைத்தாள். "நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

"பாப்போம்" என்றான் ரஜீவ்.

வெளியில் சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். தலைவர் பெண்டாட்டியின் மலத்தைத் தன்னுடையது என்று கொடுத்த கதை ஒரு நாளில் பெரகல சந்தி வரைக்கும் போகும். அவன் சாகும்வரை அது அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதோடு ஒரு பொதுநல நியாயமும் அவனுக்குக் கிடைத்தது. தலைவரே ஏமாற்றினான் என்று தெரிந்தால் அடுத்த தடவை ஒருவராவது போத்தல் கொடுப்பார்களா. இப்படி யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். கிளினிக்குக்குத் தானே போவது, குடலுக்குள் விட்டுப் பார்க்கிற கெமராவைத் தானே விட்டுக்கொள்வது, ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கி வருவது. அப்புறம் சத்தமில்லாமல் பண்டாரவளையில் ஒரு டொக்டரிடம் துஷாவைக் காட்டுவது. அடுத்த மாசம் போல. கெட்டவன் இல்லை அவன், கோழை. கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதற்குள் தோட்டம் அவன்மேல் பாசத்தைக் கொட்டிவிட்டது. ஒருத்தி முருங்கைக் கீரை கொண்டுவந்தாள், ஒருத்தி குரக்கன் மா. கோயில் கமிட்டி வீரய்யா கண் கலங்கி, "ஊருக்கு ஓடி ஓடி ஒழைச்ச ஒடம்பு" என்றார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ரஜீவ் உட்கார்ந்திருந்தான். வந்தவர்களுக்கெல்லாம் துஷாந்தினி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "நீ தைரியமா இரும்மா" என்று அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு அவன் பெயரில் அர்ச்சனை நடந்தது. ஐயர் நட்சத்திரம் கேட்டபோது உத்திரட்டாதி என்று தன்னுடையதைத்தான் சொன்னான். பெண்கள் வரிசையில் துஷாந்தினி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கிளினிக் நாள், போன் வந்து ஐந்தாவது வாரம். "நான் மட்டும் போயிட்டு வாறேன், உனக்கு ஒரு நாள் பேர் போயிரும், சம்பளத்துல வெட்டிருவாங்க" என்று சொல்லிப் பார்த்தான். "போனாப் போகட்டும்" என்று அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கூடை நிறையக் கொழுந்தோடு மலை ஏறுகிறவள். அவளுடைய சட்டைக் கை தொளதொளவென்று தொங்குவதை ரஜீவ் அன்றைக்குத்தான் கண்டான். அவளுடைய பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

டொக்டர் றுஷ்திக்கு ரஜீவ் வயதுதான் இருக்கும். பக்கத்தில் திரைச்சீலையோரம் மேனுஷா நின்றிருந்தாள். டொக்டர் புதுக் கோப்பைத் திறந்து ரஜீவின் பெயரை எழுதினார்.

"மலத்துல ரத்தம் கண்டிருக்கீங்களா?"

"இல்ல டொக்டர்."

"கண்டிருக்கு" என்றாள் துஷாந்தினி.

டொக்டர் அவளைப் பார்த்தார். புருஷன் மறைப்பதைப் பெண்டாட்டி சொல்வது அவருக்குப் புதிதில்லை. "எவ்வளவு நாளா?"

"எட்டு மாசமா."

எழுதினார். "போற பழக்கம் மாறியிருக்கா?"

"மாறியிருக்குங்க. ரெண்டு மூணு நாள் போகாது. அப்புறம் ஒரே நாள்ல நாலஞ்சு தடவை. போயிட்டு வந்தாலும் போகாத மாதிரியே இருக்கும்."

"எடை?"

"ஆறு கிலோ குறைஞ்சிருச்சு."

டொக்டர் பேனாவை வைத்தார். ரஜீவின் வயிற்றைப் பார்த்தார். "இவருக்கா?"

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. இனிச் சொல்ல வேண்டியவன் ரஜீவ்தான் என்பது அவனுக்கும் விளங்கியது. ஆயிரம் பேர் முன்னால் வாய் குளறாதவன் தனக்கே கேட்காத குரலில் சொன்னான்.

"அந்தப் போத்தல்ல இருந்தது என்னுது இல்ல டொக்டர்."

"என்ன? சத்தமாச் சொல்லுங்க."

உண்மையிலேயே அவருக்குக் கேட்கவில்லை. ரஜீவ் இரண்டாம் தரம் சொன்னான், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி. "என்னுது இல்ல. இவளோடது. நான்தான் கேட்டு வாங்கிக் குடுத்தேன். எனக்குத் தெரியும், மறைச்சுட்டேன்."

மேனுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டொக்டர் திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை, எழுதிய தாளைக் கோப்பிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"நீங்க வெளியில இருங்க" என்றார். வேறொரு தாளை எடுத்து அவளிடம், "உங்க பேரச் சொல்லுங்க" என்றார்.

அரை மணி நேரம் கழித்து அவனைக் கூப்பிட்டார்கள். விரலால் சோதித்தபோதே கட்டி தட்டுப்படுகிறது என்றார் டொக்டர். கெமரா போட்டு, சதை எடுத்துப் பார்த்தால்தான் முழுசாகச் சொல்லலாம், இன்றைக்கே வார்டில் சேர்க்கிறேன். அவளுடைய கூடப்பிறந்தவர்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

"குணமாகுமா டொக்டர்?"

"நேரத்தோட வந்தா நல்லா குணமாகுற வியாதி. இவங்க நேரத்தோட வந்திருக்காங்களான்னு இனித்தான் தெரியும்."

கட்டில் காலியாகும் வரைக்கும் நடையில் கிடந்த ஒரு வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார்கள். அவளுடைய பை ரஜீவ் மடியில் இருந்தது. தோட்டத்தில் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்ற நினைப்பு அவனுக்கு வரவே இல்லை. அவன் அழுதான், சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல்.

"எட்டு மாசம்" என்றான். "ஏன் துஷா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"டிஸ்பென்சரியில காட்டினேன். மூலம்னு களிம்பு குடுத்தாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். மிஸ்ஸி வந்து பேசினப்பறம்தான் பயம் வந்துச்சு. வயசு வரலன்னு எனக்குப் போத்தல் இல்லன்னுட்டாங்க, ரத்தம் போறத அவங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீங்களா வந்து உங்களோடதக் குடுத்தீங்க. அம்மன் குடுத்த மாதிரி வாங்கிக்கிட்டேன்."

"அப்ப போன் வந்த அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"அது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே. நீங்க சொல்லுவீங்கன்னு அஞ்சு வாரமாப் பாத்துக்கிட்டிருந்தேன்."