நான் வெட்டிய காலி இடம்

மூன்று நாளில் இரண்டு கல்யாண வீடியோ, ஒரு காதுகுத்துப் பாட்டு, ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் ஸ்டூடியோவில் ஏசி நின்று இரண்டு வாரம் ஆகிறது. இதையெல்லாம் சொல்வது செய்த தப்புக்குச் சாக்குத் தேடத்தான்.

அமலாக்கா தங்கள் ஊர்க் கோயிலில் மே மாதம் முழுக்க மாதாவுக்கு ஜெபம் சொல்பவர். அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். தொண்டையில் ஆபரேஷன், குரல் திரும்புமா என்பது நிச்சயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஆபரேஷனுக்கு முந்தின வாரமே என்னிடம் வந்து அந்த மன்றாட்டு மாலையைப் பதிவு செய்துவிட்டுப் போனார். இந்த வருஷமும் ஜெபம் தன் குரலில் நடக்க வேண்டும் என்று அவருக்கு அத்தனை ஆசை.

பதிவின்போது ஒவ்வொரு வரிக்கும் பின்னால் சும்மா நின்றார். எனக்கு அது வெறும் காலி இடம். சத்தமில்லாத பகுதிகளை ஒரே தட்டில் நீக்கிவிடும் வசதி சாஃப்ட்வேரில் உண்டு. தட்டினேன். பதினொரு நிமிடம் நான்கு நிமிடமானது. என்னை நானே மெச்சிக்கொண்டு, கம்ப்யூட்டரில் இடமில்லை என்று மூலப் பதிவையும் அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அமலாக்கா தங்கை ஜெயத்தோடு வந்து நின்றார். கழுத்தில் கட்டு. பேச்சு வரவில்லை. அவருக்கும் சேர்த்து ஜெயம் பேசினார்.

"இன்னா தம்பி பண்ணி வெச்சிருக்க? நீ குடுத்தத நேத்து ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்தோம். ஜனங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்த வரி ஓடுது. அக்கா பாட்டுக்குச் சொல்லிக்கினு போவுது, நாங்க பேஜாராயி நிக்கறோம். நாளைக்கு மே ஒண்ணு!"

வெட்கமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இப்பவே சரி பண்ணித் தர்றேங்க்கா."

பதிலை நானே ஒருமுறை சொல்லி அளந்தேன். மூன்று நொடி. அந்த அளவு இடைவெளியையே ஐம்பது வரிக்குப் பின்னாலும் ஒட்டப் போனேன். அமலாக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரியைப் போடச் சொல்லிச் சைகை காட்டினார்.

போட்டேன். கண்ணை மூடிக் கேட்டவர், வரி முடிந்து வெகுநேரம் கழித்தே கையைத் தூக்கினார். அதுவரைக்கும் இடம் விட்டு அடுத்த துண்டைத் தள்ளி வைத்தேன். ஒன்பது நொடி. அடுத்ததும் ஒன்பது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண் எரிந்தது. இருபதாவது வரியில் பொறுமை போய்விட்டது.

"எதுக்குக்கா இவ்ளோ நேரம்? கூட்டம் எப்பவோ சொல்லி முடிச்சிருக்கும்."

அமலாக்கா மேஜையில் கிடந்த காகிதத்தில் ஒரு பெயரை எழுதினார். சிங்காரம்.

"எங்க ஊரு ஆளுதான்," என்றார் ஜெயம். "வாதம் வந்து நாக்கு இழுத்துக்கிச்சி. எல்லாரும் முடிச்ச அப்பறந்தான் அவரு முடிப்பாரு. அவரு முடிக்கற வரிக்கும் அக்கா நிக்கும். வேற எங்கயும் அவரு வாயத் தொறக்கறதில்ல தம்பி, கேலி பண்றாங்கன்னு."

காலி இடம் என்று நான் வெட்டியெறிந்தது அந்த மனிதர் பேசுகிற நேரத்தை. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

இன்னும் முப்பது வரி இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அமலாக்காவின் கை உயரும்வரை காத்திருந்தேன். கடைசி வரியோடு அவர் குரலும் முடிந்தது; அதற்குக் கை உயர ரொம்ப நேரமானது. அந்த நேரம் முழுவதையும் வெட்டாமல் விட்டேன்.