பியூர்கரின் அம்மா

என் அண்ணன் இராஜாங்கம் ஜெர்மனிக்காரன் ஆன அன்று போனில் ஒரே சிரிப்பு. அந்த ஊர் மேயர் கையைக் குலுக்கிக் குடியுரிமைப் பத்திரம் கொடுத்தாராம்.

"தம்பி, இனிமே நான் பியூர்கர்டா" என்றான்.

நகரவாசி, குடிமகன் எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரே சொல்தானாம். 'பூர்க்' என்றால் கோட்டை. அந்தக் காலத்தில் கோட்டைக்குள் குடியிருந்தவன் பியூர்கர். அதிலும் உள்ளே எடுபிடி வேலை பார்த்தவனுக்கெல்லாம் அந்தப் பேர் கிடையாது, வீடுவாசல் உள்ளவனுக்குத்தான்.

"இப்ப அப்படி இல்ல. குப்பை அள்றவனும் பியூர்கர், நானும் பியூர்கர்."

படித்தவனுக்கு வாய் நீளம். எனக்கு நாற்றங்காலில் வேலை கிடந்தது. சரிண்ணே என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த ஐப்பசியில் எங்கள் அம்மா ரெங்கம்மாள் செத்துப்போனாள். ஐஸ் பெட்டியில் வைத்து அண்ணனுக்காகக் காத்திருந்தோம். குடவாசல் பக்கம் எங்கள் ஊர். சுடுகாட்டுக்கு மேலத்தெரு வழியாகத் தார்ரோடு போகிறது. எங்கள் தெருப் பிணம் மட்டும் அதில் போகக் கூடாது. வாய்க்காலில் இறங்கி, வயல் வழியாகத்தான் போகவேண்டும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் சுவரெல்லாம் சமத்துவம் என்று எழுதுவார்கள். பிணம் வயலில்தான் போகும்.

அண்ணன் வந்து அம்மா காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கண்ணைத் துடைத்ததும், "ரோட்டு வழியாத்தான் தூக்கணும்" என்றான்.

"வேணாம்ண்ணே."

"கவர்மெண்டு ரோடுடா அது. சட்டம் நம்ம பக்கம் இருக்கு."

சட்டம் இருக்கிறது, யார் இல்லையென்றது? மேலத்தெரு முனையில் பண்ணையார் நடராசனின் ஆட்கள் கம்போடு நின்றார்கள். போலீஸ் வந்தது. தாசில்தார் வந்தார்.

"இந்த ஒரு தடவை அனுசரிச்சுப் போங்க. அடுத்த வருஷம் உங்களுக்குத் தனிப்பாதை போட்டுடலாம்" என்றார். அப்பா செத்தபோதும் ஒரு தாசில்தார் இதையேதான் சொன்னார்.

அண்ணன் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்ததே கோபம்! நான் உழுவது நடராசனின் நிலம், வாய்வார்த்தைக் குத்தகை. நாளைக்கே இறங்காதே என்றால் இறங்க முடியாது. என் மகள் அம்சவல்லி அந்தத் தெருவைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

"நீ காரியம் முடிஞ்சதும் ஏரோப்ளேன்ல ஏறிடுவ. நாங்க எங்க போயி ஏறுறது? சொல்லுண்ணே!"

ஊரே கேட்கக் கத்திவிட்டேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு எழுந்துவந்து, பாடையின் தலைமாட்டைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

நட்டுப் பச்சை பிடித்த வயல், முழங்கால் சேறு. சேற்றில் கால்விரலை ஊன்றித்தான் நடக்கவேண்டும். அத்தனை வருஷத்தில் அவனுக்கு அது மறந்துபோயிருந்தது. நடுவயலில் வழுக்கி விழுந்தான். பாடை சரிந்து, அம்மா தண்ணீருக்குள் குப்புறப் போய்விட்டாள்.

"ஐயோ, அம்மா!"

வாரி எடுத்து மடியில் போட்டு, தன் சட்டையால் அவள் முகத்தைத் துடைத்தான். சட்டையெல்லாம் சேறு, எதைத் துடைப்பது? நானும் உட்கார்ந்து கையால் வழித்தேன். வரப்பில் நின்றிருந்த நடராசனின் ஆள், "பயிரைப் பாத்துப் போங்கடா" என்று சத்தம் போட்டான். பாவி, அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே.

கிளம்பும் அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணன் சொன்னான்:

"ரெத்தினம், நான் செத்தா இங்க கொண்டாரச் சொல்லாத. அங்கயே பொதைக்கட்டும். அங்க தெரு வழியா எடுத்துட்டுப் போவாங்க."

"பெத்தவ வெந்த மண்ணுண்ணே இது."

"வேகுறதுக்கு முன்னாடி சேத்துல கெடந்தாளேடா."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவனுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. எனக்கு அந்த வயல்தான். மழைக்காலத்தில் இருமல் வந்தாலே இப்போதெல்லாம் பயந்துபோகிறேன். கடவுளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: என் சாவு சித்திரையில் வரட்டும். அப்போது வயல் காய்ந்து கிடக்கும், தூக்குகிறவர்களுக்கு வழுக்காது.