சங்குக்கு ஐந்து நிமிடம் முன்

நாலு மணிக்கு எடுப்பதாகச் சொன்னவர்கள் மூன்றுக்கே பாடை கட்டிவிட்டார்கள். மகள் மதியை மாத்தூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்த ஆட்டோ, பந்தலைத் தாண்டி வர முடியாமல் தெருமுனையிலேயே நின்றது. எங்கள் வாசலுக்கு நேரே, இறந்தவரின் மகன் வெற்றி பத்தாயிரம் வாலா பட்டாசுச் சரத்தைப் பாய் மாதிரி விரித்துக்கொண்டிருந்தான்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இதயத்தின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு, அதில் பொட்டாசியம் வெளியேறப் புரதத்தாலான வாசல்கள் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மதிக்கு அந்தப் புரதம் பிறவியிலேயே பழுது. எதிர்பாராமல் ஒரு பெரிய சத்தம் கேட்டால் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். நெஞ்சில் கருவி வைக்க அடுத்த மாதம்தான் தேதி. தெருவுக்கோ அவள் வெறும் பயந்தாங்கொள்ளி. சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலித்தது.

புரிந்துகொண்டவர் நீலமேகம் ஒருவர்தான், ஓய்வுபெற்ற வாட்ச்மேன். ஃபேக்டரி சங்கு ஊதுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு தினமும் எங்கள் கதவை மெல்லத் தட்டுவார். "மதி, சங்கு வர்து கண்ணு. காதப் பொத்திக்கோ." அவர்தான் இப்போது பாடையில் கிடந்தார்.

மேளக்காரர்கள் மேளத்தை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் வெற்றியின் கையைப் பிடித்தேன். "வேணாம்டா. மதி உள்ள தூங்கிகினு கீறா."

"இன்னா யசோக்கா? எங்க நைனா அநாத மாறி போவணுமா?" கையில் ஊதுவத்தி கனன்றது. குடித்திருந்தான், அழுதுமிருந்தான். அவனை அறையவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது.

சரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "கொளுத்து. என்னியும் சேத்துக் கொளுத்து."

நீலமேகத்தின் மனைவி கெங்கம்மா எழுந்து வந்தாள். "டேய், உங்க நைனா டெய்லி எந்தக் கதவத் தட்டுனாரு? இதத்தான? அவரு காப்பாத்துன புள்ளைய அவரு சாவுலயே கொல்லப் போறியா?"

வெற்றி ஊதுவத்தியைச் சாக்கடையில் எறிந்தான். மேளக்காரர்கள் மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். பாடை எங்கள் வாசலைத் தாண்டும்வரை செருப்புச் சத்தம் மட்டும்தான். உள்ளே ஓடி மதியின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி துடித்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை, ஆறு மணிச் சங்கை நான் மறந்தே போயிருந்தேன். ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. ஓடிப்போய்த் திறந்தேன்.

மொட்டைத் தலையோடு வெற்றி நின்றிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மதி, சங்கு வர்து கண்ணு" என்றான். "காதப் பொத்திக்கோ."